நைனாவுக்கு மூன்று ஓ.பி. நம்பர்

எங்கள் நைனாவுக்கு ஒரே ஆஸ்பத்திரியில் மூன்று ஓ.பி. நம்பர் இருந்தது. 2006-ல் ஒன்று, 2009-ல் ஒன்று, 2012-ல் ஒன்று. பேரணாம்பட்டில் டேனரி வேலை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு என்பதால், உடம்பு முற்றினால்தான் கிளம்புவார். பழைய சீட்டு எந்த டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்று அந்த நேரத்தில் யார் தேடுவது? கவுண்டரில் "பழைய நம்பர் இருக்குதா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்பார். புது நம்பர் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

2006-ல் சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு சல்ஃபா மாத்திரை கொடுத்தார்கள். சில நாளில் உதடு வீங்கி, வாய்க்குள் தோல் உரிந்து, கண் இரண்டும் சிவந்துவிட்டன. மருந்தை நிறுத்திக் காப்பாற்றினார்கள். கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதியும் வைத்தார்கள்: சல்ஃபா அலர்ஜி.

2012-ல் மறுபடியும் அதே தொந்தரவு. மூன்றாவது நம்பருக்குப் போட்ட அட்டையில் சிவப்பு மை எதுவும் இல்லை. "எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நைனா "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றிருக்கிறார். முன்னால் வந்தது மருந்தால் வந்தது என்றே அவர் மனதில் ஏறவில்லை. அம்மை மாதிரி என்னமோ வந்து இறங்கியது என்றுதான் ஆறு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். அதே மாத்திரை. இந்தத் தடவை பதினோரு நாள் வார்டில் கிடந்தார். வாயில் கஞ்சி படும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் 2003-லிருந்து மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் வேலையில் இருக்கிறேன், வேலூரில் வேறோர் ஆஸ்பத்திரியில். கேஸ் ஷீட்டை வரிசைப்படுத்துவது, விடுபட்ட கையெழுத்தை வாங்குவது, நோய்க்கு ஐ.சி.டி. கோடு (உலகம் முழுக்க நோய்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் குறியீடு) போடுவது, இப்போது ஸ்கேன் செய்து ஏற்றுவது, இதுதான் வேலை. நைனா வார்டில் இருந்தபோது அந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். அங்கிருந்த அண்ணனிடம் கெஞ்சி, மூன்று கட்டையும் எடுக்க வைத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நைனாவின் பெயர் ஏழுமலை. முதல் அட்டையில் இ, எல், யு என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. இரண்டாவதில் இ, இசட், எச், யு. மூன்றாவதில் ஒய், இ, எல், யு. இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இல்லவே இல்லை. வயது 45, 45, 55. அதாவது முதல் மூன்று வருஷத்தில் வயதே ஆகவில்லை, அடுத்த மூன்று வருஷத்தில் பத்து வயது ஏறியிருந்தது.

எழுதிய மூன்று பேரில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து கிடையாது. ஒருவர் எல் போடுவார், ஒருவர் இசட் எச் போடுவார். கிராமத்துப் பெரியவர்களிடம் வயது கேட்டால் "ஒரு அம்பது இருக்கும்" என்றுதான் பதில் வரும். மக்கள்தொகைக் கணக்கில் இதற்கென்றே விப்பிள் குறியீடு என்று ஓர் அளவு உண்டு. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் எத்தனை பேருடைய வயது 0-விலும் 5-லும் முடிகிறது என்று பார்ப்பார்கள். யாரும் வயதை உருட்டிச் சொல்லவில்லை என்றால் குறியீடு 100. எல்லோரும் உருட்டிச் சொன்னால் 500.

அந்த வருஷத்திலிருந்துதான் ஒரு ஆளின் பல பதிவுகளைச் சேர்ப்பது எப்படி என்று தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சுகாதாரத் தகவலியல் என்று இதற்குப் பெயர் இருப்பதே அப்போதுதான் தெரியும். முதலில் கண்ணில் பட்டது சவுண்டெக்ஸ். ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் 1918-ல் காப்புரிமை வாங்கிய முறை. இன்று புழங்கும் வடிவத்தில், பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் எச், டபிள்யு, ஒய் எழுத்துகளையும் தள்ளிவிட்டு, மற்ற எழுத்துகளுக்கு ஒலிக்கூட்டம் பார்த்து 1 முதல் 6 வரை எண் கொடுக்கும். எல்லுக்கு 4, எம்முக்கு 5, இசட்டுக்கு 2. எழுத்து கொஞ்சம் மாறினாலும் ஒலி ஒன்றாக இருந்தால் கோடும் ஒன்றாக வர வேண்டும், அதுதான் நோக்கம். நைனாவின் மூன்று பெயரையும் தாளில் போட்டுப் பார்த்தேன். இ454, இ254, ஒய்454. மூன்றும் மூன்று கோடு. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த சல்லடையில் நம் ழகரம் நிற்கவில்லை.

அடுத்துப் படித்ததுதான் என்னை உட்கார வைத்தது. கனடாவின் புள்ளியியல் துறையில் இருந்த இவான் ஃபெலிகி, ஆலன் சன்டர் இருவரும் 1969-ல் எழுதிய கட்டுரை. கணக்கெல்லாம் எனக்கு முழுசாகப் புரியவில்லை, ஆனால் அடிப்படை நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இரண்டு சீட்டிலும் முருகன் என்று இருந்தால் அதற்கு எடை குறைவு, ஏனென்றால் தெருவுக்கு நாலு முருகன். ஊரிலேயே ஒருவருக்குத்தான் இருக்கும் பெயர் இரண்டிலும் இருந்தால் எடை அதிகம். பெயர், ஊர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் ஒவ்வொன்றுக்கும் இப்படி எடை போட்டுக் கூட்டி, இவ்வளவுக்கு மேலே போனால் ஒரே ஆள், இவ்வளவுக்குக் கீழே இருந்தால் வேறு ஆள், நடுவில் நிற்பதை மனிதர் பார்க்க வேண்டும் என்று பிரித்தார்கள். பிரிட்டனின் நீதித்துறை அமைச்சகம் ஸ்பிளிங்க் என்று இலவசமாக வெளியிட்டிருக்கும் மென்பொருளுக்குள் ஓடுவதும் இந்தக் கணக்குதான்.

இதை நம் கவுண்டருக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆதாரில் ஜனவரி 1 என்று பிறந்த தேதி இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! தேதி தெரியாதவர்களுக்கு வருஷத்தை மட்டும் வைத்து அப்படிப் போட்டுவிட்டார்கள். பிறந்த தேதி ஒத்துப்போனால் பெரிய எடை என்று வெளியூர்க் கணக்கை அப்படியே இங்கே ஓடவிட்டால், ஓடுகத்தூர் கோவிந்தம்மாளையும் அணைக்கட்டு கோவிந்தம்மாளையும் ஒருத்தியாக்கிவிடும். ஜனவரி 1-க்கு எடையைக் குறைக்க வேண்டும். பெண்களின் இனிஷியலுக்கும் குறைக்க வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால் தகப்பன் எழுத்து, பின்னால் புருஷன் எழுத்து. செல்போன் நம்பரும் அப்படித்தான், ஒரு வீட்டில் நாலு பேருக்கும் பேரனின் நம்பர். ஒருத்தியைப் பிரித்து இரண்டாக்கினால் நைனாவுக்கு நடந்தது நடக்கும். இரண்டு பேரை ஒன்றாக்கினால் ஒருத்தியின் ரத்த வகை இன்னொருத்தியின் அட்டையில் ஏறும். எனக்கு இரண்டாவதுதான் அதிகப் பயம்.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் ஆபா என்று 14 இலக்க எண் கொடுக்கிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு எண், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே எண். நைனா காலத்தில் இது இருந்திருக்கக் கூடாதா என்று நினைக்காத நாளில்லை. ஆனாலும் எண்ணைச் சொல்லப் பேரன் கூட வர வேண்டும், போனில் சார்ஜ் இருக்க வேண்டும், ஓ.டி.பி. வர வேண்டும். மூச்சு இரைத்துக்கொண்டு வந்து நிற்கும் ஆயாவிடம் அதையெல்லாம் கேட்க முடியாத ராத்திரிகளில் பழையபடி பெயரும் ஊரும்தான்.

பெயர் சேர்ந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அட்டைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் மீதி.

போன வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு இளம் டாக்டர்களும், கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண்ணும் வந்தார்கள். ஐந்து வருஷ கேஸ் ஷீட்டுகளைப் பெயர் நீக்கி எடுத்து, யாருக்குச் செப்சிஸ் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் மாடலை, அதாவது பழைய பதிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர் கணிப்பை, பழக்க வேண்டுமாம். கிருமித் தொற்றுக்கு எதிராக உடம்பே தாறுமாறாகிக் கிளம்பி, உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளரும் நிலைதான் செப்சிஸ். மணிக்கணக்கு முன்னால் தெரிந்தாலே உயிர் தப்பும். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது. ஸ்கேன் செய்ததைச் சரிபார்க்க அந்தப் பெண் என் பக்கத்தில் மூன்று மாதம் உட்கார்ந்தாள். வெயில் காலம். ஸ்கேனர் சூடும் சேர்ந்து ரெக்கார்டு ரூம் அடுப்பங்கரை மாதிரி இருக்கும்.

ஒருநாள் அவள் கேட்டாள், "அக்கா, ஆர்.ஆர். காலம் பூரா இருபது இருபதுன்னே இருக்கே. ஸ்கேன்ல தப்பா வருதா?"

எட்டிப் பார்த்தேன். மூச்சு எண்ணிக்கை. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதும் கட்டம். 20, 20, 20, 20, பக்கம் பக்கமாக. காய்ச்சல் 103 இருந்த ஆளுக்கும் 20, தையல் பிரித்து வீட்டுக்குப் போகிற ஆளுக்கும் 20. அதே நீல மை, அதே சாய்ந்த கையெழுத்து, ஒரே மூச்சில் மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறது.

"ஸ்கேன் சரியாத்தாம்மா இருக்குது. அந்த வார்டுல ராத்திரி ஒரே சிஸ்டர், முப்பத்தெட்டு கட்டில். மூச்சை ஒழுங்கா எண்ணணும்னா ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சைப் பாத்துக்கிட்டே நிக்கணும். முப்பத்தெட்டு நிமிஷம். நடுவுல டிரிப் தீரும், யாராவது வாந்தி எடுப்பாங்க."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு பக்கத்தைக் காட்டினாள். நாற்பது இருபதுகளுக்கு நடுவில் ஒரே ஒரு 34. ராத்திரி 2.40. அந்தக் கட்டத்தில் மட்டும் பேனா அழுந்தியிருந்தது.

அந்த சிஸ்டரை எனக்குத் தெரியும். அந்த ஆள் படுத்திருந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை, அதனால் நின்று எண்ணியிருக்கிறார். 34 என்ற எண்ணில் நோயாளியின் மூச்சு பாதி, சிஸ்டரின் கவலை பாதி.

இதைச் சொன்னதும் அவள் அடுத்த நாள் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினாள். 2018-ல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்தது. பாஸ்டனில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளின் பதிவுகள், 6,69,452 நோயாளிகள், 272 வகை லேப் டெஸ்ட். டெஸ்டின் ரிசல்ட் என்ன என்பதை ஒதுக்கிவிட்டு, அந்த டெஸ்டை எப்போது எழுதிக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் பார்த்தார்கள். ஒப்பிட முடிந்த 174 டெஸ்டுகளில் 118-ல், ரிசல்ட்டைவிட எழுதிக் கொடுத்த நேரம்தான் அந்த ஆள் மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருப்பாரா என்பதைச் சரியாகச் சொன்னது. நமக்கு இது ஆச்சரியமாக இருக்க வேண்டியதில்லை. ராத்திரி 3 மணிக்கு ஒருவருக்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் அவரைப் பார்த்து யாரோ பயந்திருக்கிறார்கள்.

செப்சிஸிலேயே 2024-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி வந்தது. அமெரிக்காவில் பரவலாக ஓடும் ஒரு செப்சிஸ் எச்சரிக்கை மென்பொருளை எடுத்து, 77,000 அட்மிஷன்களில் சோதித்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் 87 சதவீதம் சரியாகப் பிரித்தது. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் டெஸ்டை டாக்டர் எழுதிக் கொடுப்பதற்கு முந்தைய தகவலை மட்டும் கொடுத்தபோது 53-க்கு இறங்கிவிட்டது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அதாவது டாக்டருக்கு ஏற்கெனவே வந்துவிட்ட சந்தேகத்தைத்தான் மென்பொருள் பெரும்பாலும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்று பழைய கதை, ரிச் கருவானா என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 2015-ல் எழுதியது. 1990-களில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு அபாயம் அதிகம் என்று கணிக்க மாடல்கள் செய்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அபாயம் குறைவு என்று ஒன்று கற்றுக்கொண்டிருந்தது. ஆஸ்துமாக்காரர் நிமோனியாவோடு வந்தால் அந்த ஆஸ்பத்திரியில் நேரே ஐ.சி.யு.வில் போட்டு நன்றாகக் கவனித்தார்கள், அதனால் பிழைத்தார்கள். அந்தக் கவனிப்பு மாடலுக்குத் தெரியவில்லை. அதை நம்பி ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? நல்லவேளை, பயன்படுத்தாமல் நிறுத்திவிட்டார்கள்.

என் கவலை இதில்தான் இருக்கிறது. எங்கள் வார்டில் அந்த சிஸ்டர் பயந்து எண்ணியதால் 34 என்று ஒரு எண் கிடைத்தது. அதில் பழகிய மாடலை, ராத்திரியில் யாருமே எண்ணாத ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்தால் அங்கே எல்லாக் கட்டத்திலும் 20 தான் இருக்கும். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அது சொல்லும். ஆள் குறைவான இடத்துக்குத்தான் இந்த மாதிரி உதவி அதிகம் வேண்டும், அங்கேயே அது வாய் திறக்காமல் இருந்துவிடும்.

கட்டமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பாம்புக்கடிக்கு ஐ.சி.டி. 10-ல் டி63.0 என்று கோடு. கடித்தது என்ன என்று தெரியாமல் வந்தால் கேஸ் ஷீட்டில் "அன்னோன் பைட்" என்று எழுதுவார்கள். பாம்புக்கான மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்த பிறகும் டிஸ்சார்ஜ் சம்மரியில் அதுவே நின்றுவிடும். நான் மருந்துச் சீட்டைப் பார்த்து, டாக்டரிடம் போய்க் கேட்டு, திருத்தி வாங்கித்தான் கோடு போடுவேன். சில டாக்டர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும். ஆஸ்பத்திரிக்கு வராமலே இறந்தவர்களுக்கு நான் என்ன கோடு போடுவது? 2023 மே மாதம் எங்கள் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாமல் ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் இறந்தது எல்லாப் பேப்பரிலும் வந்தது. பேப்பரில் வராததுதான் அதிகம்.

அவர்களை எண்ணியது வீடு வீடாகப் போனவர்கள்தான். இறப்பு நடந்த வீட்டுக்குப் போய், எப்படி இறந்தார் என்று குடும்பத்திடம் கேட்டு எழுதி, அதை டாக்டர்கள் படித்துக் காரணம் முடிவு செய்யும் முறை. வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்கிறார்கள். அந்தத் தகவலை வைத்து 2020-ல் வெளிவந்த ஆராய்ச்சி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் இந்த எண் யாருக்கும் தெரிந்தே இருக்காது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றில் சேர்த்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, அன்னோன் பைட் என்று எழுதும் டாக்டர்களிடம் நான் நடத்திய சண்டையெல்லாம் வீண் போகவில்லை என்று எனக்கு மனசு நிறைந்தது. கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் சமுதாய நலப் பிரிவு பல பத்தாண்டுகளாக ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக வைத்துப் பிறப்பையும் இறப்பையும் வீடு வீடாகப் பதிந்து வருகிறது. அந்தப் பெண்களுக்குப் பெயர்க் குழப்பமே வராது. எந்த கோவிந்தம்மாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

நைனா 2019-ல் வேறு காரணத்தால் போய்ச்சேர்ந்தார். கடைசி வரை சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருந்தார். சல்ஃபா ஒத்துக்காது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் எழுதி, லேமினேட் செய்து கொடுத்தது.

எங்கள் கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி இரண்டு கேள்விகளைப் பழக்கியிருக்கிறேன். புது நம்பர் போடும் முன்னால், "ஆயா, வூட்ல இன்னா பேர் சொல்லிக் கூப்புடுவாங்க? கண்ணாலத்துக்கு முந்தி இன்னா இனிசியலு?" ஒரு ஆயா, "கார்டுல சரோஜா, வூட்ல பாப்பம்மா, எதுனா ஒண்ணு போட்டுக்கோ கண்ணு" என்றார். பாப்பம்மா என்று தேடியபோது 2013-ல் ஒரு கட்டு கிடைத்தது. அப்போதே சர்க்கரை 240. இப்போது காலில் புண்ணோடு வந்து, முதல் தடவையாகச் சர்க்கரை கண்டுபிடித்ததாக எழுத இருந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் பெண் வேலை முடித்துப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். தகவல் தொகுப்பு எப்படி, யாரால், எந்த நிலைமையில் சேர்க்கப்பட்டது என்று ஒரு குறிப்புத்தாள் கூடவே இருக்க வேண்டும் என்று டிம்னிட் கெப்ரு என்ற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 2018-லேயே எழுதியிருக்கிறார்களாம். "எங்க டேட்டாவுக்கு அதை எழுத உங்களால மட்டும்தான் முடியும் அக்கா" என்றாள். எழுதிக்கொண்டு வருகிறேன். எந்த மாதம் படிவம் மாறியது, எந்த வார்டில் ராத்திரி எத்தனை சிஸ்டர், எந்த வருஷம் லேப் மெஷின் புதுசு, கொரோனா சமயத்தில் எந்தெந்தக் கட்டங்களை யாரும் நிரப்பவில்லை. நேற்று எழுதியது இது: "மூன்றாவது மாடி ஆண்கள் வார்டு, 2017 முதல் 2021 வரை, ராத்திரி 10 முதல் காலை 6 வரை. மூச்சு எண்ணிக்கை 20 என்று இருந்தால் எண்ணவில்லை என்று எடுத்துக்கொள்ளவும். வேறு எண் இருந்தால் எண்ணியது."